பதிவேடு எங்கே போச்சு? லினக்ஸ் கணினியில் மாறிய இயல்பமைப்புகள்



தமிழ் டீச்சருக்கு லினக்ஸில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகள் பல பள்ளிகளில் நூலக மூலையிலும் கழக அறையிலும் கிடக்கின்றன. தூக்கிப் போட மனம் வராதவர்கள் அவற்றில் லினக்ஸை ஏற்றிப் பயன்படுத்துகிறோம். நல்ல முடிவுதான். ஆனால் ஏற்றியதும் நாம் என்ன பார்க்கிறோம்? தமிழ் எழுத்துரு சரியா வருதா, விசைப்பலகை வேலை செய்யுதா, அச்சுப்பொறி ஓடுதா, அவ்வளவுதான். கணினி தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் பதிவேடு ஒன்று உள்ளே இருக்கிறது. அதை யாரும் திறப்பதில்லை. நானும் திறந்ததில்லை. ஒரு மாணவன்மேல் பழி விழுந்த பிறகுதான் திறந்தேன். திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

நடந்தது இதுதான். எங்கள் மாணவர்கள் சிலர் ஈப்போவைச் சுற்றியிருந்த பழைய ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த பாட்டிமார்களையும் தாத்தாமார்களையும் சந்தித்து, அவர்கள் பேச்சைத் திறன்பேசியில் பதிவு செய்து வந்தார்கள். ஒலிக்கோப்புகளை எல்லாம் டெபியன் லினக்ஸ் ஓடும் ஒரு பழைய மேசைக்கணினியில் சேர்த்து வைத்தோம். ஒரு நாள் மாலை நல்ல இடி, மழை. மறுநாள் காலை கணினியைத் திறந்தால் இரண்டு பாட்டிமார்களின் நேர்காணல் இருந்த கோப்புறையைக் காணோம். முதல் நாள் கடைசியாக அந்தக் கணினியில் உட்கார்ந்தவன் ஒரு நான்காம் படிவ மாணவன். "டீச்சர், நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே கரண்டு போச்சு. நான் கெளம்பிட்டேன். அப்ப வரைக்கும் எல்லாம் இருந்துச்சு டீச்சர்" என்றான். ஆனால் அந்தக் கட்டடத்தில் மின்சாரம் போனதை வேறு யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் முன்னாடியே கிளம்பிவிட்டார்கள். அவன் தெரியாமல் அழித்துவிட்டு, கணினியை அடைத்துவிட்டுப் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார். அதன் பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள்.

கணினியின் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். எந்த நேரத்தில் யார் நுழைந்தார், கணினி முறையாக அடைக்கப்பட்டதா, திடீரென அணைந்ததா, வன்தட்டில் பிழை ஏதும் வந்ததா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இருக்கவில்லை. அது ஏன் இல்லாமல் போனது என்று தேடிப் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், தவறு என்னுடையது.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பில்தான் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

கிராணியின் கணக்கு

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பதிவேடு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. விடியும் முன்னே பெரட்டுக்கு ஆள் கூடும். பெயர் கூப்பிடுவார்கள். வந்தவருக்குக் கிராணியின் செக்ரோலில் ஒரு குறி விழும். வெட்டிய பாலைக் கொண்டுபோய் ஸ்டோரில் நிறுத்தால், அந்த எடையும் கணக்கில் ஏறும். மாதக் கடைசியில் சம்பளம் அந்தக் கணக்கின்படிதான். குறி விழாத நாள், வேலை செய்யாத நாள். மழையில் நனைந்து மலைக்காட்டில் நின்றேன் என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் ஏட்டில் இல்லையென்றால் இல்லைதான்.

லினக்ஸ் கணினிக்குள்ளும் ஒரு கிராணி உண்டு. அச்சுப்பொறிச் சேவை, வலையமைப்பு, பயனர் நுழைவு, கணினியின் கருநிரல் என ஒவ்வொன்றும் தான் செய்ததையும் தனக்கு நேர்ந்ததையும் ஒரு வரியாகச் சொல்லும். நேரத்தைப் போட்டு அதை எழுதி வைப்பது இந்தக் கிராணியின் வேலை. இதைத்தான் லாக் என்கிறோம். நான் பதிவேடு என்றே எழுதுகிறேன்.

இந்த ஏற்பாடு பழையது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் 1980-களில் சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளை உருவாக்கியபோது, அதன் துணையாகப் பிறந்ததுதான் சிஸ்லாக். மற்ற நிரல்களும் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. பிறகு அதுவே யூனிக்ஸ் உலகின் வழக்கமானது. லினக்ஸும் அதை எடுத்துக்கொண்டது. 2004-இல் ரைனர் கெர்ஹார்ட்ஸ் தொடங்கிய ஆர்சிஸ்லாக் பல லினக்ஸ் வழங்கல்களில் நிலையான கிராணியாக அமர்ந்தது. அது எழுதியது சாதாரண உரைக்கோப்பு. வார் என்ற அடைவுக்குள் லாக் என்ற அடைவு, அதற்குள் சிஸ்லாக் என்ற கோப்பு. நோட்பேடு மாதிரி எந்த நிரலிலும் திறந்து வாசிக்கலாம்.

2011 நவம்பரில் லெனார்ட் பெட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் ஒரு புதிய முறையை அறிவித்தார்கள். சிஸ்டம்டி என்ற அமைப்பின் பகுதியாக வந்த அதற்கு ஜர்னல் என்று பெயர். இது உரைக்கோப்பாக எழுதாது. தனக்கென ஓர் இருமக் கோப்பு வடிவம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரியோடும் அதை எந்தச் சேவை சொன்னது, எந்தப் பயனர் கணக்கில் ஓடியது, எந்தத் தொடக்கத்தின்போது எழுதப்பட்டது என்ற விவரங்களையும் சேர்த்தே வைக்கும். வாசிக்க ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை வேண்டும். ஜர்னல் என்ற சொல்லோடு, கண்ட்ரோல் என்பதன் சுருக்கமான மூன்று எழுத்துகளைச் சேர்த்து, இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும்.

இந்த முறை வந்தபோது பலர் முணுமுணுத்தார்கள். கண்ணால் வாசிக்க முடிந்த ஏட்டை எடுத்துவிட்டுப் பெட்டிக்குள் பூட்டுகிறார்களே என்று. எனக்கும் அந்த வருத்தம் கொஞ்சம் உண்டு. ஆனால் பயன்படுத்திப் பார்த்த பிறகு, நேற்றைய தொடக்கத்தின் பிழைகளை மட்டும் காட்டு என்று ஒரே வரியில் கேட்க முடிவது பெரிய வசதி என்றே சொல்வேன்.

எது மாறியது?

இயல்பமைப்பு என்றால் நாம் கை வைக்காமலேயே கணினி எந்த நிலையில் வருகிறதோ அந்த நிலை. பெரும்பாலோர் அதை மாற்றுவதில்லை. அதனால்தான் இயல்பமைப்பு மாறும்போது, நமக்குத் தெரியாமலேயே நம் கணினியின் நடத்தையும் மாறிவிடுகிறது.

ஃபெடோரா வழங்கல் முதலில் அடியெடுத்து வைத்தது. 2013 டிசம்பரில் வந்த ஃபெடோரா 20-இல் சிஸ்லாக் வகை நிரல் எதுவும் தானாக நிறுவப்படவில்லை, ஜர்னல் மட்டுமே. டெபியன் நிதானமாக வந்தது. 2021 ஆகஸ்ட் 14-இல் வெளியான டெபியன் 11-இல் ஜர்னல் தன் பதிவுகளை வன்தட்டில் நிலையாகச் சேமிப்பது இயல்பமைப்பானது. ஆர்சிஸ்லாக்கும் கூடவே இருந்தது. அதாவது ஒரே செய்தி இரண்டு ஏட்டில். 2023 ஜூன் 10-இல் வெளியான டெபியன் 12-இல் ஆர்சிஸ்லாக்கைத் தானாக நிறுவுவதை நிறுத்தினார்கள். அந்தப் பதிப்பின் பெயர் புக்வோர்ம், புத்தகப்புழு! (டெபியன் பதிப்புகளுக்கு டாய் ஸ்டோரி படத்துப் பாத்திரங்களின் பெயர்தான் வைப்பார்கள்.) புதிதாக டெபியன் 12 நிறுவியவர் சிஸ்லாக் கோப்பைத் தேடினால் கிடைக்காது. பழைய கட்டுரைகளையும் யூடியூப் பாடங்களையும் பார்த்து அந்தக் கோப்பைத் திற என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உபுண்டுவில் கதை வேறு. அங்கே ஜர்னலும் உண்டு, ஆர்சிஸ்லாக்கும் உண்டு, பழைய கோப்பு பழைய இடத்திலேயே இருக்கும். ராஸ்பெரி பை சிறுகணினிகளில் கதை இன்னும் வேறு. அதன் இயங்குதளம் டெபியன் வழி வந்ததுதான். ஆனால் மெமரி கார்டில் ஓயாமல் எழுதினால் கார்டு சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பதால், அண்மைய வெளியீடுகளில் ஜர்னலைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைக்கும்படி அமைத்திருக்கிறார்கள். கணினியை அணைத்தால் பதிவேடு காலி. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் இயல்பமைப்பு நேர் எதிர். எனவே "லினக்ஸில் இப்படித்தான்" என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். எந்த வழங்கல், எந்தப் பதிப்பு என்று சேர்த்து எழுதுங்கள்.

நான் செய்த மூன்று காரியங்கள்

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்கள் கணினி டெபியன் 11-இல் தொடங்கியது. வன்தட்டு பழசு, சிறிசு. ஒரே செய்தியை ஜர்னலும் எழுதுகிறது, ஆர்சிஸ்லாக்கும் எழுதுகிறது, எதற்கு இரட்டை வேலை என்று நினைத்தேன். ஜர்னலுக்கு ஓர் அமைப்புக்கோப்பு உண்டு. ஈடிசி அடைவுக்குள் சிஸ்டம்டி, அதற்குள் ஜர்னல்டி கான்ஃப். அதில் ஸ்டோரேஜ் என்ற வரி இருக்கும். அதற்கு நான்கு மதிப்புகள் கொடுக்கலாம். பெர்சிஸ்டென்ட் என்றால் வன்தட்டில் நிலையாகச் சேமிக்கும். வொலட்டைல் என்றால் நினைவகத்தில் மட்டும். ஆட்டோ என்றால், வார் அடைவின் லாக்குக்குள் ஜர்னல் என்ற அடைவு இருந்தால் அங்கே சேமிக்கும், இல்லாவிட்டால் நினைவகத்தில் வைக்கும். நன் என்றால் எங்கும் சேமிக்காது. நான் வொலட்டைல் என்று போட்டேன். அன்றைக்கு அதில் தவறில்லை, உரைக்கோப்பில் எழுத ஆர்சிஸ்லாக் இருந்ததே.

பிறகு டெபியன் 12-க்கு மேம்படுத்தினேன். நடுவில் ஒரு கேள்வி வந்தது. இந்த அமைப்புக்கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதிய பதிப்பில் வேறு கோப்பு வந்திருக்கிறது, எதை வைத்துக்கொள்வது? வெறுமனே என்டர் தட்டினால் பழையதையே வைத்துக்கொள்ளும். அதுவே அந்தக் கேள்விக்கு இயல்பான பதில். மணி ஆகிவிட்டது, பேருந்துப் பொறுப்பு வேறு. என்டர் தட்டினேன்.

மூன்றாவது, டெபியன் 12-இல் ஆர்சிஸ்லாக் பெரும்பாலான கணினிகளுக்குத் தேவையில்லை, நீக்கிவிடலாம் என்று படித்தேன். நீக்கினேன். அதே குறிப்பிலேயே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தி, புதிய இயல்பமைப்பை ஏற்காமல் விட்டவர்களின் கணினியில் ஜர்னல் நிலையாகச் சேமிக்காமல் இருக்கலாம் என்று. அதை நான் பிறகுதான் படித்தேன்.

பாருங்கள், மூன்று காரியமும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. மூன்றும் சேர்ந்தபோது, ஒரு கிராணியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, இன்னொரு கிராணியின் கையில் பென்சிலுக்குப் பதில் சிலேட்டைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை கணினி அணையும்போதும் சிலேட்டு துடைக்கப்பட்டது. அது மட்டுமில்லை. கோப்புறை காணோம் என்றதும் பதற்றத்தில் நாங்களே கணினியை இரண்டு மூன்று தடவை அடைத்துத் திறந்தோம். இடி விழுந்த மாலைக்கு அடுத்த காலைத் தொடக்கத்தில் வன்தட்டைச் சோதித்த செய்தி ஏதாவது வந்திருந்தால், அதையும் நாங்களே துடைத்துவிட்டோம். காரணம் தெரியாத சிக்கல் வந்தால் முதலில் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அப்புறம் மறுதொடக்கம் செய்யுங்கள். நம் கை எப்போதும் நேர்மாறாகத்தான் போகிறது.

உங்கள் கணினியில் பார்ப்பது எப்படி?

முனையத்தைத் திறந்து ஜர்னல்சிடிஎல் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, இரட்டை இடைக்கோடு போட்டு, லிஸ்ட், இடைக்கோடு, பூட்ஸ் என்று சேர்த்து அடியுங்கள். கணினி எத்தனை தொடக்கங்களை நினைவில் வைத்திருக்கிறது என்று பட்டியல் வரும். ஒன்றே ஒன்று, அதுவும் இன்றைய தொடக்கம் மட்டும் வந்தால், நேற்றுதான் புதிதாக நிறுவியிருந்தாலொழிய, உங்கள் பதிவேடு சிலேட்டில்தான் எழுதப்படுகிறது. பல வரிகள் வந்தால் நல்லது. அப்போது ஜர்னல்சிடிஎல், இடைக்கோடு பி, இடைவெளி, இடைக்கோடு 1 என்று அடித்தால் இதற்கு முந்திய தொடக்கத்தின் பதிவு முழுதும் வரும். அதன் கடைசி வரிகளைப் பாருங்கள். முறையாக அடைக்கப்பட்ட கணினி, சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்தியதை எழுதிவிட்டுத்தான் முடியும். மின்சாரம் போன கணினியின் பதிவு ஏதோ ஒரு சாதாரண வரியோடு அந்தரத்தில் நிற்கும். அந்த ஒரு வித்தியாசம் எனக்கு அன்று தேவைப்பட்டது.

சிலேட்டில் எழுதும் கணினியை ஏட்டுக்கு மாற்றுவது கடினமில்லை. மேலே சொன்ன அமைப்புக்கோப்பில் ஸ்டோரேஜ் வரியைப் பெர்சிஸ்டென்ட் என்று மாற்றி, வரியின் முன் இருக்கும் கட்டக்குறியை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்தால் போதும். இதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். மூலக்கோப்பைத் தொடாமல், ஜர்னல்டி கான்ஃப் டி என்ற அடைவில் சின்னதாகத் தனிக்கோப்பு ஒன்றை வைப்பது இன்னும் நல்லது. அப்படிச் செய்தால் அடுத்த மேம்பாட்டின்போது எனக்கு வந்த அந்தக் கேள்வியே வராது.

வன்தட்டு நிரம்பிவிடாதா என்று கேட்பீர்கள். ஜர்னல் தானே அளவு பார்த்துக்கொள்ளும். அந்த வன்தட்டுப் பகுதியின் 10 விழுக்காட்டுக்கு மேல் அது எடுத்துக்கொள்வதில்லை. 15 விழுக்காட்டைக் காலியாக விட முயலும். வன்தட்டு எவ்வளவு பெரிதானாலும் இவ்விரு கணக்கும் 4 கிகாபைட்டைத் தாண்டாது. எல்லை வந்ததும் பழையதை அழித்துப் புதியதை எழுதும். டெபியன் 12-இல் ஆர்சிஸ்லாக்கை நாமே நிறுவிக்கொண்டால் கணக்கு வேறு. உரைக்கோப்புகள் வாரத்துக்கு ஒரு தடவை சுழற்றப்பட்டு நான்கு சுற்று வைக்கப்படும். அளவு பார்க்கிறவர் ஒருவர், காலம் பார்க்கிறவர் இன்னொருவர். ஆண்டு முழுக்கப் பதிவு வேண்டும் என்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் ஏமாந்துபோவார்கள்.

இன்னொன்று, பேராக் மாநிலத்தில் இருக்கும் நமக்கு முக்கியமானது. நம் ஊர் மாலை இடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நிலையாகச் சேமிக்கும்படி அமைத்திருந்தாலும், ஜர்னல் ஒவ்வொரு வரியையும் அந்த நொடியே வன்தட்டில் உறுதிப்படுத்துவதில்லை. இயல்பமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அப்படிச் செய்கிறது. மிகக் கடுமையான மூன்று நிலைச் செய்திகளை மட்டும் உடனே எழுதும். ஆகவே திடீரென்று கரண்டு போனால் கடைசிச் சில நிமிடங்கள் காணாமல் போகலாம். பதிவு 4.10-க்கு நிற்கிறது என்றால் மின்சாரம் 4.10-க்குத்தான் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. 4.10-க்கும் 4.15-க்கும் நடுவில் எப்போதாவது இருக்கலாம்.

கடுமை நிலைகள் என்றேனே, அவை மொத்தம் எட்டு, 0 முதல் 7 வரை. தமிழாசிரியர் புத்தி, மொழிபெயர்த்துப் பார்த்தேன். 0 பேரிடர், 1 உடனடிக் கவனம், 2 நெருக்கடி, 3 பிழை, 4 எச்சரிக்கை, 5 கவனிக்கத்தக்கது, 6 தகவல், 7 பிழைதேடும் குறிப்பு. எண் குறையக் குறையக் கடுமை கூடும். இது மாணவர்கள் வழக்கமாகத் தலைகீழாக எழுதும் இடம். கட்டளையோடு இடைக்கோடு பி போட்டு 3 என்று கொடுத்தால் பிழையும் அதைவிடக் கடுமையானவையும் மட்டும் வரும். முன்பு சொன்ன பி-யோடு குழம்ப வேண்டாம். தொடக்கத்துக்கு உரியது பூட் என்பதன் முதலெழுத்து, இது பிரயாரிட்டி என்பதன் முதலெழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், நம் எழுத்து முறைக்கு அது ஒரு சின்னச் சங்கடம்தான்.

நேரம் எழுதும் முறை

டெபியன் 12-இல் ஆர்சிஸ்லாக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு மாற்றம் உண்டு. முன்பு ஒவ்வொரு வரியின் தலையிலும் மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி இருக்கும். ஆண்டு இருக்காது! மேல் பக்கம் கிழிந்துபோன செக்ரோல் மாதிரி, மார்ச் 3 என்று இருக்கும், எந்த மார்ச் என்று தெரியாது. இப்போது ஆண்டு, நொடியின் நுண்பகுதி, உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு வேறுபாடு என்பது வரை எழுதப்படுகிறது. நம் நாட்டுக் கணினியில் வரியின் நேரத்துக்குப் பின்னால் கூட்டல் 08:00 என்று நிற்கும். பழைய வடிவத்தை எதிர்பார்த்து எழுதப்பட்ட பதிவேட்டு ஆய்வு நிரல்கள் இதனால் தடுமாறின.

அந்த 08:00-க்கும் ஒரு வரலாறு உண்டு. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல்தான் இந்த நேரத்துக்கு வந்தது. அதற்கு முன் 7 மணி 30 நிமிட வேறுபாடு. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை 12-க்குத் தள்ளினார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் "பழைய டைம், புது டைம்" என்று பேசியிருந்தால் இதுதான் காரணம். யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை எண்ணி நேரத்தை வைத்துக்கொள்கின்றன. அந்த எண்ணிக்கை தொடங்கும் நொடியில் ஈப்போக் கடிகாரம் காலை 7.30 காட்டியிருக்கும், இன்றைய கணக்கில் போட்டால் 8 என்று வரும். கணினிக்குள் இருக்கும் நேர மண்டலத் தரவுக்கு இந்த மாற்றமும் தெரியும்.

மாணவனைக் காப்பாற்றியது எது?

ஜர்னல் காலி, சிஸ்லாக் கோப்பு நின்று மாதக்கணக்காகிவிட்டது. அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். சில நாள் கழித்து என் பழைய மாணவர் ஒருவர் புலனத்தில் கேட்டார், "டீச்சர், லாஸ்ட் கமாண்ட் போட்டுப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. லினக்ஸில் இன்னொரு சின்ன ஏடும் உண்டு. டபிள்யூடெம்ப் என்பார்கள். யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார், கணினி எப்போது தொடங்கியது என்பதை மட்டும் அது தனியாக எழுதும். ஆர்சிஸ்லாக்கும் ஜர்னலும் அதைத் தொடுவதில்லை. லாஸ்ட் என்ற கட்டளை அதை வாசித்துக் காட்டும்.

அந்த மாலைக்குரிய வரியில், எங்கள் பொதுக்கணக்கில் ஒருவர் நுழைந்த நேரம் இருந்தது. வெளியேறிய நேரம் இருக்க வேண்டிய இடத்தில் கிராஷ் என்று இருந்தது. முறையாக வெளியேறாமல், முறையாக அடைக்காமல் கணினி நின்று, பிறகு மறுபடி தொடங்கினால்தான் அந்தச் சொல் வரும். அழித்துவிட்டு அடைத்துவிட்டுப் போனான் என்ற குற்றச்சாட்டின் இரண்டாம் பாதி அங்கேயே விழுந்தது. அவன் சொன்னபடியே, உட்கார்ந்திருக்கும்போதே கணினி அணைந்திருக்கிறது.

ஒரு பதிவைப் படிக்கும்போது அது சொல்லாததையும் சொன்னதாக நினைத்துக்கொள்ளக் கூடாது, அதனால் இதையும் எழுதுகிறேன். எத்தனை மணிக்கு அணைந்தது என்று அந்த ஏடு சொல்லாது. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே சொல்தான் வரும். கோப்புறையை யார் அழித்தார் என்பதை எந்த இயல்பான பதிவேடும் எழுதுவதில்லை, ஜர்னல் முழுதாக இருந்திருந்தாலும் எழுதியிருக்காது. வன்தட்டில் பிழை வந்ததா என்பதை மட்டும் அது சொல்லியிருக்கும். எனவே கோப்புறை எப்படிப் போனது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவன்மேல் சொன்னதற்கு ஆதாரம் இல்லை, அவன் சொன்னதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பேசினேன். பேச்சு நின்றது.

இங்கேயும் இயல்பமைப்பு மாறிவிட்டது, கவனியுங்கள். 2025 ஆகஸ்ட் 9-இல் வெளியான டெபியன் 13-இல் லாஸ்ட் கட்டளை எடுக்கப்பட்டுவிட்டது. காரணம் அதே நொடிக் கணக்குதான். அந்தப் பழைய கோப்பு வடிவத்தில் நேரத்துக்கு ஒதுக்கிய இடம் சிறியது. 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 நொடி வரைதான் கொள்ளும். 2038 ஜனவரி 19, நம் நேரப்படி முற்பகல் 11 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு அது நிரம்பிவிடும். கோப்பு வடிவத்தை மாற்றுவதற்குப் பதிலாகக் கட்டளையையே விட்டுவிட்டார்கள். வேண்டுமென்றால் டபிள்யூடெம்ப்டிபி என்ற தொகுப்பையும் அதற்குத் துணையான பாம் தொகுப்பையும் நாமே நிறுவிக்கொள்ள வேண்டும். நிறுவிய நாளிலிருந்துதான் அது எழுதத் தொடங்கும் என்பதால், சிக்கல் வந்த பிறகு நிறுவிப் பயனில்லை.

பதிவேட்டை எல்லாரும் வாசிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். டெபியனில் சாதாரணப் பயனர் தன் கணக்குக்குரிய செய்திகளைத்தான் பார்க்கலாம். முழுதும் பார்க்க ஏடிஎம் அல்லது சிஸ்டம்டி ஜர்னல் என்ற குழுவில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிர்வாகியாக இருக்க வேண்டும். இதை அப்படியே விடுங்கள். எந்த மாணவர் எத்தனை மணிக்கு வந்தார் போனார் என்பது மற்ற மாணவர்களுக்குத் தேவையில்லாத செய்தி. அதேபோல் எல்லாரும் ஒரே பொதுக்கணக்கைப் பயன்படுத்துவதையும் நிறுத்துங்கள். எங்கள் ஏட்டில் ஒருவர் நுழைந்தார் என்றுதான் இருந்தது. அது அவன்தான் என்று நாங்கள் அறிந்தது அவன் சொல்லித்தான்.

அறிக்கை எழுதப் பயிலும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் கணினியின் பதிவிலிருந்து பத்து வரியை எடுத்து, நடந்ததைத் தமிழில் ஒரு சிறு அறிக்கையாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எந்த வரி ஆதாரம் என்று ஓரத்தில் குறியுங்கள். ஓரம் காலியாக நிற்கும் வாக்கியங்களை அடித்துவிடுங்கள். எங்கள் கழகத்தில் செய்து பார்த்தபோது பாதி அறிக்கை அடிபட்டுப் போனது.

எங்கள் கணினியில் இப்போது ஜர்னல் வன்தட்டில் எழுதுகிறது, மாணவர்களுக்குத் தனித்தனிக் கணக்கு, ஒலிக்கோப்புகளுக்கு இரண்டு விரலியில் நகல். காணாமல் போன இரண்டு நேர்காணல்களில் ஒன்று ஒரு மாணவியின் திறன்பேசியில் அழிக்கப்படாமல் கிடந்தது. மற்றொன்றுக்காக அந்தப் பையனே இந்தப் பள்ளி விடுமுறையில் சுங்கை சிப்புட் பக்கம் பாட்டியிடம் மறுபடி போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். முதல் தடவை இரண்டு மணி நேரம் பேசிய பாட்டி, இப்போது அவ்வளவு நேரம் உட்கார்வதில்லையாம்.